அம்மாவின் கூடை

2009-ஆம் ஆண்டு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கவென்று, ஈப்போ புந்தோங்கிலிருந்து நாங்கள் ஏழு பேர் ஒரு வேனில் ஏறிப் புறப்பட்டோம். முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய அந்தப் பிரயாணம் மூன்றரை மணி நேரமாக நீண்டதற்கு டயரில் ஏறிய முள்ளை மட்டும் குறைசொல்லுவது தர்மமாகாது. முள் தன் காரியத்தை ஒரு க்ஷணத்தில் முடித்துவிட்டது. மீதி நேரத்தில் பெரும்பகுதி, அந்த வண்டியில் எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரவேண்டிய மாற்றுச் சக்கரத்தை நாங்கள் தேடிக்கொண்டிருந்த நேரமாகும்.

வண்டி என் மகள் வீட்டாருடையது. ஜப்பானில் சில வருஷம் ஓடி, கப்பலேறி இங்கே வந்து, துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு, 'ரீகொண்ட்' என்ற பட்டத்தோடு விலைபோகும் வண்டிகளில் ஒன்றாகிய அதை, மாப்பிள்ளை மூன்றாவது சொந்தக்காரராக வாங்கியிருந்தார். குளிர்சாதனம் முன்னும் பின்னும் உண்டு. பக்கவாட்டுக் கதவு ராஜாவுக்குத் திறப்பதுபோல் தானாக நகரும். பின்னிருக்கைகளை மடித்தால் நால்வர் படுத்துறங்கலாம். இல்லாதது ஒன்றே ஒன்று, விளக்கக் கையேடு. கதவின் விளிம்பிலும் கண்ணாடியின் மூலையிலும் ஒட்டியிருந்த எச்சரிக்கைகளெல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருந்தபடியால், எங்களை எதைப்பற்றி எச்சரிக்கின்றன என்பது தெரியாமலே நாங்கள் அதில் எட்டு மாதம் சவாரி செய்துவிட்டோம். அந்த ஏப்ரலில்தான் புரோட்டோன் நிறுவனம் தன் எக்சோராவை வெளியிட்டது. மாப்பிள்ளை சற்றுப் பொறுத்திருந்தால் மலாயில் எழுதிய கையேட்டோடு புது வண்டியே வாங்கியிருக்கலாம் என்பது என் மனைவியின் இன்றுவரைக்குமான அபிப்பிராயம்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. நடு வரிசையில், ஓட்டுகிறவருக்கு நேர் பின்னாலுள்ள இருக்கை அவளுடையது. அவள் கால்மாட்டில் மூங்கில் கூடை. கூடைக்குள் பொங்கல் பானை, தேங்காய், வெற்றிலை பாக்கு, சூடம், எங்கள் புந்தோங்குக்கே பெயர்போன கச்சான் பூத்தே என்னும் கடலைத் தின்பண்டம் இரண்டு பொட்டலம். இவற்றுக்கெல்லாம் அடியில், பிளாஸ்டிக் உறையில் அவளுடைய அடையாளக் கார்டும், துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரமும். தோட்டங்களைக் கூறுகூறாக விற்றுவிடும் தோட்டத் துண்டாடல் என்ற சொல் எங்கள் லயத்து வீடுகளில் பேய்க்கதைபோல் பேசப்பட்ட காலத்தில், பால்மரம் வெட்டிய சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து அவள் சேர்ந்த சங்கம் அது. எங்கள் தோட்டம் சங்கத்தின் கைக்கு வரவில்லை. பத்திரம் மட்டும் கூடையை விட்டுப் போகவில்லை.

அந்தக் கூடையை எவரும் தொடக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் சட்டம். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து நாட்டில் அவசரகாலம் பிறந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று பிறகு விதிக்கப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டினால், லயத்தைச் சுற்றிய முள்வேலியின் வாசலில், இருட்டோடு பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் வேலைக்காட்டுக்குப் புறப்படும் பெண்களின் கூடையும் வாளியும் சோதிக்கப்பட்டதையும், மத்தியானம் வரை அவர்கள் வெறும் வயிற்றோடு மரம் வெட்டியதையும் அந்தப் பெண்களே சொன்னாலன்றி அறிவதற்கில்லை. கல்யாணமாகிச் சில மாதமே ஆன அம்மா, அப்பாவுக்காகத் துணியில் முடிந்து கூடைக்கடியில் மறைத்துக் கொண்டுபோன ஒரு பிடி சோற்றை, வாசலில் நின்ற ஒருவன் மண்ணில் கொட்டிக் காலால் தேய்த்தானாம். "கொட்டுனதுகூடப் பெருசில்ல, தேய்ச்சான் பாரு" என்பாள். அன்று முதல் அவள் கூடைக்குள் பிறர் கை நுழைந்ததில்லை. எங்கள் வீட்டில் கூடையை நகர்த்திவிட்டுக் கூட்டிப் பெருக்குகிற வழக்கமும் இல்லை. கூடையைச் சுற்றித்தான் பெருக்குவோம்.

நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போகலாம். "பேர் தெரியாத ரோட்டுல என்னக் கொண்டு போகாத" என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னபடியால் பழைய சாலையிலேயே போனோம். செம்மோர் கடந்து, கந்தானில் பாதி அறுபட்டு வெள்ளெலும்பு தெரிய நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைக் கடந்து, சுங்கை சிப்புட் பட்டணத்துக்குள் நுழைந்தபோது, சிறுவயதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு கடைப்பலகை ஞாபகத்துக்கு வந்தது. மலாய்க்காரர் டயரை எழுதும் எழுத்தைத் தமிழ்க் காதோடு படித்தால் 'தாயார்' என்று வரும். 'கெடாய் தாயார்' என்ற அந்தப் பலகையைத் தாயார்கள் விற்கும் கடை என்றே நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அடித்தால் இந்தக் கடையில் வேறு தாயார் வாங்கிக்கொள்வேன் என்று ஆறு வயதில் அம்மாவைப் பயமுறுத்தியதாகவும் அவள் சொல்லுவாள்.

பட்டணத்தைத் தாண்டி, தார்ச்சாலை செம்மண் பாதையாக மாறி, இருபுறமும் செம்பனை அடர்ந்த இடத்தில் எங்கள் பழைய தோட்டம் ஆரம்பமாகிறது. ரப்பர் உற்பத்தியில் உலகத்துக்கே முதலாக இருந்த இந்த நாடு 1990-களின் தொடக்கத்தில் அந்த ஸ்தானத்தை இழப்பதற்குள்ளாகவே, எங்கள் தீம்பார்களில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனையை நட்டுவிட்டார்கள். பாதையோரத்தில் வெட்டிக் குவித்த செம்பனை மட்டைகளில் ஒன்று பாதிக்குமேல் பாதையில் நீண்டு கிடந்தது. மட்டையின் காம்பு நெடுக மீன்முள் வரிசைபோல் முட்கள். மாப்பிள்ளை அதன்மேல் ஏற்றினார். இருபது அடி போவதற்குள் வண்டி இடப்பக்கம் சாய்ந்து, நொண்டி நின்றது.

அம்மா கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "பால்மரத்துல முள்ளு கெடையாது" என்று சொன்னதோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வங்கி உத்தியோகஸ்தர், நிதானமானவர், சட்டையின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்கினார். இரும்புத் தகடுதான் இருந்தது. மண்ணில் குனிந்து வண்டியின் பின்னடியைப் பார்த்தார். புகைக்குழாய் தெரிந்தது, சக்கரம் தெரியவில்லை. ஹையேஸ், உன்சர் முதலிய வண்டிகளில் பின்புறத்து வயிற்றில் சக்கரம் தொங்குவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த இடம் வெறிச்சென்றிருப்பது பெரிய துரோகமாகத் தோன்றியது. பின் சுவரில் இடப்பக்கம் ஒரு சிறு மூடி. அதற்குள் ஜேக்கும் ஸ்பானரும், ஒரு முனை கொக்கியாக வளைந்து மறுமுனை சதுரக் குழியாக முடியும் நீண்ட இரும்புக்கம்பியும் இருந்தன. ஜேக்குக்கும் ஸ்பானருக்கும் உபயோகம் தெரியும். அந்தக் கம்பி எதற்கு என்பதை நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வியாக்கியானம் செய்தோம்; குடை மாட்டுவதற்கு என்றாள் என் மனைவி.

மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. என் பேரன் அதைத் தன்னால் படித்துவிட முடியும் என்று முன்வந்தான். அவன் சீனப்பள்ளியில் நான்காம் வகுப்பு. முப்பத்தைந்து வருஷம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்த எனக்கு அந்த விஷயத்தில் வீட்டோடு இருந்த மனஸ்தாபத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. அன்றைக்கு அவனைச் சீனப்பள்ளியில் சேர்த்தது தெய்வச் செயல் என்று ஐந்து நிமிஷம் நினைத்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சீனரிடமிருந்து ஜப்பானியர் எடுத்துக்கொண்ட எழுத்துக்களில் சில அவனுக்குத் தெரிந்தன. விரலை வைத்து, "இது 'கீழே', தாத்தா, இது 'கட்டில்'. கட்டிலுக்குக் கீழே" என்றான். வண்டியில் கட்டில் ஏது என்று ஒரு கணம் திகைத்தோம். மடித்தால் படுக்கையாகும் பின்னிருக்கை என்று உடனே புரிந்துவிட்டதுபோல் எங்களுக்குத் தோன்றியது. குடையும் பாயும் குழந்தையின் பால்புட்டியும் விறகுக்கட்டும் அத்தனையும் பாதையில் இறங்கின. இருக்கைகளை மடித்தோம், நிமிர்த்தினோம், மறுபடியும் மடித்தோம். ஒரு பழைய ஜப்பானிய நாணயம் அகப்பட்டது. சீனத்தில் கட்டிலைக் குறிக்கும் அதே எழுத்து ஜப்பானியத்தில் தரையைக் குறிக்கும் என்பதை ஈப்போவில் மோட்டார் சாமான் விற்கும் ஒரு சீனப் பெரியவர் எனக்குச் சொன்னது அடுத்த வாரம். சீட்டு சொன்னது 'தரைக்குக் கீழே' என்பது. அது பொய் சொல்லவில்லை, பையனும் பொய் சொல்லவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பாதையோரத்தில் நின்றுகொண்டு அப்பாவை நினைத்துக்கொண்டேன். மலாயாவுக்குக் கூலிகள் வருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடைசெய்ததற்கு முந்திய வருஷம் சேலத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் அவர். ஊரில் சிறுவனாக ஒரு பஸ்ஸில் கிளீனர். இங்கே வந்து சில ஆண்டு மரம் வெட்டி, யுத்தத்துக்குப் பிறகு தோட்டத்து லோரிக்கு டிரைவரானார். புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் புறப்படுமுன், விடியலில், ஒரு முழநீளக் கட்டையால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சப்தம் கேட்பார். காற்று நிறைந்திருந்தால் 'ணங்' என்று கட்டை எகிறும், குறைந்திருந்தால் 'பொத்'தென்று அமுங்கும். கடைசியாக, லோரியின் விலாவில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஸ்டெப்னி சரி" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டுதான் ஏறி உட்காருவார். எங்கள் தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் அது 'ஸ்பேர்'. ஸ்டெப்னி என்பது அப்பாவின் மொழி. 1988-இல் அவர் காலமானதோடு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லும் காலமாயிற்று. சேலத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்தில் கடைசிவரை மிஞ்சியது அந்த ஒரு சொல்தான் என்பது, அவர் இருந்தவரை எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் செம்பனைக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். குலை அறுக்கும் நீண்ட அரிவாளைத் தோளில் சாய்த்திருந்தான். வங்காளதேசத்துக்காரன் என்பது அவன் மலாய் பேசிய ராகத்திலேயே தெரிந்தது. நாங்கள் இருந்த லயங்களில் இடியாமல் நிற்கும் ஒரு வரிசையில் இப்போது அவனும் அவனுடைய கூட்டாளிகளும் குடியிருந்தார்கள். பாதையில் பரப்பி வைத்திருந்த எங்கள் சம்சாரத்தைச் சுற்றிப் பார்த்தான், சாய்ந்த டயரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, "ஸ்டெப்னி எங்கே?" என்று கேட்டான்.

இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு, அந்தத் தோட்டத்து மண்ணிலேயே, அந்தச் சொல்லை நான் கேட்டேன். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தச் சொல்லின் பூர்வோத்தரத்தைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. டயர் வெடித்தால் அந்த இடத்திலேயே கழற்றி ஒட்டுப்போட வேண்டியதுதான். வேல்ஸ் தேசத்து லானெல்லி பட்டணத்தில் டேவிஸ் சகோதரர்கள் இருவர் 1904-இல், ஆரக்கால் இல்லாத வளையமொன்றில் காற்றடித்த டயரை மாட்டி, பழுதான சக்கரத்தின்மேல் அதைப் பூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய கடை இருந்த வீதியின் பெயர் ஸ்டெப்னி வீதி. இங்கிலீஷ்காரர் மறந்துவிட்ட அந்தப் பெயரை, சேலத்துக் கிளீனர் பையனும் வங்காளத்து டிரைவரும் விடாமல் வைத்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டார் இன்றும் மாற்றுச் சக்கரத்தை 'எஸ்தெப்பி' என்று சொல்லுவதும் இதே வீதியின் பெயரைத்தானாம். விக்ஹாம் என்ற இங்கிலீஷ்காரர் 1876-இல் ரப்பர் விதைகளை எடுத்துப்போனது அந்தப் பிரேசிலிலிருந்துதான். அவ்விதைகளில் முளைத்து மறு வருஷம் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளில் சிலவற்றைக் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒன்று என்று காட்டப்படும் மரத்தை அந்த ஊரில் வேலி கட்டிப் பலகை எழுதி வைத்திருப்பதை ஒருமுறை அம்மாவுக்குக் காட்டினேன். "நம்ம மரத்துக்கு ஒருத்தனும் வேலி கட்டல, நமக்குத்தான் கட்டுனான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

வங்காளதேசத்துக்காரன் ஒரு செம்பனை ஓலையை மண்ணில் விரித்து, அதன்மேல் மல்லாந்து, வண்டியின் நடுவயிற்றுக்கடியில் நகர்ந்து போனான். உள்ளிருந்து, "ஆடா! தெங்ஙா!" என்று குரல் வந்தது: இருக்கிறது, நடுவில். அந்த மர்மக் கம்பியைக் கேட்டு வாங்கி எதையோ தட்டினான். 'பொத்' என்று கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் மிகையென்று தோன்றலாம். அந்தச் சப்தத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்களில் அங்கே நின்றிருந்தது நான் ஒருவன்தான். பிறகு அவன் தரையின் தகட்டைக் கீழிருந்து முஷ்டியால் குத்தினான். நடு இருக்கையில் கண்மூடியிருந்த அம்மா திடுக்கிட்டுக் காலைத் தூக்கினாள்.

"யார்யா அது, கூடைக்கடியில?"

முன்புறம், பின்புறம், இருக்கையின் மடிப்பு, கதவின் பை என்று ஒன்றரை மணி நேரமாக வண்டி முழுவதையும் உதறிய நாங்கள் அறுவரும், அந்த மூங்கில் கூடை இருந்த ஒன்றரை அடிச் சதுரத்தை மட்டும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்று தோன்றவுமில்லை. வீட்டில் கூடையைச் சுற்றிப் பெருக்குவதுபோல் வண்டியிலும் அதைச் சுற்றியே தேடியிருக்கிறோம். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். மகள் பேரனைத் தள்ளிவிட்டாள். அவன், "பெரிய பாட்டி, கூடைய..." என்று இழுத்தான். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல், பானையோடும் தேங்காயோடும் அதை இரு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மிதியடியை எடுத்தோம். தரைவிரிப்பில், கூர்ந்து பார்த்தாலன்றித் தெரியாதபடி, மூன்று பக்கம் வெட்டிய ஒரு மடல். அதைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிக்கடியில் ஒரு திருகாணித் தலை. கம்பியின் சதுரக் குழி அதில் சாவிபோல் பொருந்தியது. பேரன் இடப்புறமாகத் திருக, வண்டியின் அடிவயிற்றில் 'கடக் கடக்' என்று ஏதோ அவிழ்ந்து, இரும்புக் கயிற்றில் கோத்த சக்கரம் கிணற்று வாளிபோல் மெல்ல இறங்கிச் செம்மண்ணில் படுத்தது. கம்பியின் கொக்கி முனையைச் சக்கரத்தின் துவாரத்தில் மாட்டி அதை வெளியே இழுத்தான் அந்த மனிதன். கயிற்றின் நுனியில், சக்கரத்தின் நடுத்துவாரத்தைவிடச் சற்று நீளமான ஒரு தகடு. அதைச் சாய்த்துத் துவாரத்தின் வழியே நழுவவிட்டால் கயிறு வேறு, சக்கரம் வேறு. குடும்பம் முழுவதும் உட்காரவும் படுக்கவும் இடம் வேண்டும் என்று இவ்வகை வண்டிகளை உண்டாக்குகிறவர்கள், சக்கரத்தைத்தான் முதலில் வெளியேற்றுகிறார்கள். 1983 கடைசியில் கிரைஸ்லர் கம்பெனி அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய வேன்களின் வம்சத்திலும், இருக்கைகள் தரைக்குள் மடங்கிப் புதைய ஆரம்பித்த பிற்காலத்தில், சக்கரம் இப்படித்தான் நடுவயிற்றுக்கு ஒதுங்கிற்றாம்.

வெளியே வந்ததைப் பார்த்தவுடன் அம்மா, "இதென்னய்யா, நோஞ்சானா இருக்கு" என்றாள். உண்மைதான். மற்றச் சக்கரங்களின் அகலத்தில் பாதிக்குச் சற்று அதிகம். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று மஞ்சள் சீட்டு. அவசரத்துக்கு உதவிவிட்டு விலகிக்கொள்ளும் தற்காலிகச் சக்கரம். ஆனால் அதன் முதுகை நான் தடவிப் பார்த்தபோது, அச்சிலிருந்து எடுக்கும்போது நிற்கும் ரப்பர் மயிர்கள் ஒன்றுகூட உதிராமல், பிறந்த குழந்தையின் தோளிலுள்ள ரோமம்போல் விரலில் நெருடின. விலாவில் 3201 என்று நான்கு இலக்கம்; 2001-ஆம் வருஷத்து முப்பத்திரண்டாவது வாரத்தில் வார்த்தது என்று பொருள். எட்டு வருஷமாக ஜப்பானிலும் கடலிலும் ஈப்போவிலும் சாலைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டு, ஒரு நாளும் தரையைத் தொடாமல் வந்திருக்கிறது. காற்றுத்தான் இறங்கிப்போயிருந்தது. வங்காளதேசத்துக்காரன் லயத்துக்குப் போய் ஒரு கால்பம்பு கொண்டுவந்தான். அறுபது பவுண்டு அழுத்தம் வேண்டும் என்றிருந்ததற்கு, மூன்று ஆண்பிள்ளைகள் முறைவைத்து மிதித்தும் எவ்வளவு ஏறிற்றோ. அவன் கம்பியால் தட்டி, 'ணங்' என்று கேட்டதும் போதும் என்று கையைக் காட்டினான்.

ஜேக்கை மாப்பிள்ளை ஏற்றப்போனபோது அவன் தடுத்து, நட்டுகளை முதலில் தரையிலேயே தளர்த்தவேண்டும் என்று ஸ்பானரின்மேல் ஏறி நின்று காட்டினான். பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுக்கச் சொன்னான். அப்புறம் கால் மணி நேர வேலைதான். பணத்தை வாங்க மறுத்தவனுக்கு அம்மா கூடைக்குள் கைவிட்டு ஒரு கச்சான் பூத்தே பொட்டலத்தை எடுத்து நீட்டி, கோயிலுக்குச் சாப்பிட வரச்சொன்னாள், தமிழில். அவனும் தலையாட்டினான்.

பழுதான சக்கரத்தை மாற்றுச் சக்கரம் இருந்த இடத்தில் ஏற்றிவிடலாம் என்று கயிற்றில் மாட்டித் திருகினால், நோஞ்சானுக்கென்று அளவெடுத்த குழிக்குள் அந்தக் கனத்த சக்கரம் நுழைய மறுத்துவிட்டது. பின்னால் விறகும் பாயும். ஆகவே, செம்மண்ணும் செம்பனைச் சாறும் வழிய, முள் ஏறிய வாய் மேலே தெரிய, அதை நடு வரிசையில் அம்மாவின் கால்மாட்டிலேயே படுக்கவைத்தோம். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் ஒரு பக்கத்தைத் துடைத்தாள். மடியிலிருந்த கூடையைத் தூக்கி அதன்மேல் வைத்து, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு, "போலாம், பொங்க வெக்க நேரமாச்சு" என்றாள்.